ஸ்டேஷனில் என் கூகுள் தேடல்களைச் சத்தமாக வாசித்தார்கள். இதற்கு அதிகாரம் உண்டா?

தறிவீட்டுக்காரன், சோமனூர் (திங்கள், இரவு 10.12)

இந்தக் குழுவில் நூல் விலை, நெசவுக் கூலி, மின்கட்டணம் தவிர வேறு எதையும் நான் எழுதியதில்லை. இதை எழுதலாமா வேண்டாமா என்று மூன்று வாரம் யோசித்தேன்.

எங்கள் குடோனில் ஊடை நூல் மூட்டைகள் ஒன்பது காணாமல் போயின. பாவும் நூலும் கொடுத்த வியாபாரிக்கு நான்தான் கணக்குச் சொல்ல வேண்டும் என்பதால் புகார் கொடுத்தேன். மறுநாள் என்னையும், தறி ஓட்டும் நான்கு பேரையும் ஸ்டேஷனுக்கு வரச் சொன்னார்கள். எந்த ஸ்டேஷன் என்பது வேண்டாம். ஐந்து பேரும் கைபேசியின் பூட்டைத் திறந்து மேசைமேல் வைக்க வேண்டும் என்றார்கள். வைத்தோம். யார் யாருடன் பேசினார்கள் என்று பார்ப்பார்கள் என்றுதான் நினைத்தேன்.

மீசைகூடச் சரியாக முளைக்காத ஓர் இளம் காவலர், என் போனில் நான் தேடியவற்றை வரிசையாக வாசிக்கத் தொடங்கினார். நூல் விலை, தறி உதிரிபாகம், கிரிக்கெட். அதன் பிறகு, "ஈரோடு குழந்தையின்மை சிகிச்சை ஆண்களுக்கு". அடுத்தது, "விந்தணு குறைவுக்கு என்ன சாப்பிட வேண்டும்". அடுத்தது, "பரிசோதனைக்கு மனைவி வர வேண்டுமா". நிறுத்தி நிறுத்தி, ஊர்க் கூட்டத்தில் வரவு செலவு வாசிப்பதுபோல வாசித்தார். யாரோ சிரித்தார்கள். என்னிடம் கூலி வாங்கும் நான்கு பேரும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பின் பெஞ்சில் என் மாமனார் உட்கார்ந்திருந்தார். எனக்குத் துணையாக வந்தவர்.

மாலையே போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். நூல் இன்றுவரை கிடைக்கவில்லை.

கேட்க விரும்புவது இரண்டு. இப்படிப் பார்க்கவும் வாசிக்கவும் அவர்களுக்கு அதிகாரம் இருக்கிறதா? போனில் எல்லாவற்றையும் அழித்துவிட்டாலும், கூகுளிடமே கேட்டு வாங்கிவிடுவார்களா?

மஞ்சள்மண்டி, ஈரோடு (திங்கள், இரவு 10.31)

திருட்டு விசாரணை என்றால் போனைக் கேட்கத்தான் செய்வார்கள். கேட்காமல் விட்டால் அதற்கும் நாமே குறை சொல்வோம். அவர் வாசித்தது தவறு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பார்ப்பதில் என்ன தவறு? மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம்.

தென்னந்தோப்பு, பொள்ளாச்சி (திங்கள், இரவு 10.48)

அண்ணா, அந்தப் பழமொழியை எல்லோரும் தலைகீழாகவே சொல்கிறார்கள். மடியில் கனம் உள்ளவன் யார்? அந்தியூர் சந்தையில் மாட்டை விற்றுவிட்டுப் பணத்தை முடிந்துகொண்டு இருட்டில் வீடு திரும்புகிறவன். திருடனை நினைத்துப் பயப்படுகிறவன். அவனைத் திருடன் என்று எப்போது மாற்றினீர்கள்? சோமனூர் அண்ணன் மடியில் இருந்தது ஒரு வீட்டின் துக்கம். அது களவு நூல் இல்லை.

மஞ்சள்மண்டி, ஈரோடு (திங்கள், இரவு 10.55)

பழமொழிக்கு உரை எழுத நான் வரவில்லை, அம்மணி. என் கைபேசியை நாளைக்கே யார் வேண்டுமானாலும் பார்க்கட்டும். மஞ்சள் விலையும் மழை நிலவரமும்தான் இருக்கும்.

கோபி வக்கீல், கோபிசெட்டிபாளையம் (திங்கள், இரவு 11.40)

தறிவீட்டுக்காரருக்கு நேரடியாகப் பதில் சொல்லிவிடுகிறேன். முதலில் ஒரு கேள்வி: போனை வாங்கும்போது எழுத்தில் ஏதாவது கொடுத்தார்களா?

காரணம் இருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா நடப்பில் இருக்கிறது. அதன் 94ஆவது பிரிவு, பழைய 91. ஸ்டேஷன்களில் பலர் இன்றும் "91 நோட்டீஸ்" என்றுதான் சொல்கிறார்கள். விசாரணைக்குத் தேவை என்று கருதினால் நீதிமன்றம் சம்மன் அனுப்பலாம். நிலையப் பொறுப்பு அதிகாரி எழுத்துமூலம் உத்தரவிட்டு ஓர் ஆவணத்தையோ பொருளையோ கேட்டுப் பெறலாம். புதிய சட்டத்தில் மின்னணுத் தகவல் தொடர்பு, டிஜிட்டல் சாட்சியம் இருக்கக்கூடிய கருவிகள் என்ற சொற்களையும் வெளிப்படையாகச் சேர்த்துவிட்டார்கள். எழுத்துமூலம் என்ற சொல்லைக் கவனியுங்கள். மேசைமேல் வை என்பது எழுத்து இல்லை.

கைப்பற்றுவது வேறு. அதற்கு 106. கைப்பற்றினால் நடுவருக்கு, அதாவது மாஜிஸ்திரேட்டுக்கு, தெரிவிக்க வேண்டும். தேடுதலையும் கைப்பற்றுதலையும் ஒலி-ஒளிப் பதிவு செய்து தாமதமின்றி அனுப்ப வேண்டும் என்கிறது 105. உங்கள் விஷயத்தில் மாலையே போன் திரும்பி வந்துவிட்டதால், கைப்பற்றவே இல்லை, அவராகத் திறந்து காட்டினார், சம்மதத்தோடு பார்த்தோம் என்பார்கள். ஸ்டேஷனுக்குள், லத்தி வைத்திருப்பவரின் மேசைக்கு முன்னால் பிறக்கும் சம்மதம் எப்படிப்பட்டது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

என்னை உறுத்துவது வேறொன்று. இதே 94ஆவது பிரிவின் கடைசியில் ஒரு விலக்கு இருக்கிறது: தபால் துறையின் கையில் இருக்கும் கடிதம், அஞ்சலட்டை, பார்சல் எதற்கும் இந்தப் பிரிவு பொருந்தாது. அவற்றுக்கு 95. தபாலில் போகும் கடிதம் விசாரணைக்கு வேண்டுமென்றால் மாவட்ட நடுவர், தலைமைக் குற்றவியல் நீதித்துறை நடுவர், அமர்வு நீதிமன்றம், உயர் நீதிமன்றம் இவற்றில் ஒன்று உத்தரவிட வேண்டும். நிலைய அதிகாரியின் கையெழுத்து போதாது. மாவட்டக் கண்காணிப்பாளரே ஆனாலும், அந்த உத்தரவு வரும்வரை கடிதத்தைத் தேடி நிறுத்திவைக்கச் சொல்லலாம், அவ்வளவுதான்.

வெள்ளைக்காரன் காலத்து ஏற்பாடு அது. அன்றைக்கு மனிதன் தன் மனத்தை எழுதி அனுப்பிய இடம் தபால்தான், அதனால் அங்கே பெரிய பூட்டுப் போட்டார்கள். இன்று யார் கடிதம் எழுதுகிறார்கள்? மனைவியிடமும் மருத்துவரிடமும் கேட்கக் கூசுவதைத் தேடல் பெட்டியில் கேட்கிறோம். அதற்குத் தனிப் பூட்டு எதுவும் போடவில்லை. கல்யாணப் பத்திரிகைக்கு ஒரு நடுவர் காவல் இருக்கிறார். உங்கள் மூன்று கேள்விகளுக்கு ஆய்வாளரின் ஒரு தாள் போதும்.

தறிவீட்டுக்காரன், சோமனூர் (திங்கள், இரவு 11.52)

எழுத்தில் எதுவும் கொடுக்கவில்லை. நான் கேட்கவும் இல்லை. கேட்கலாம் என்றே தெரியாது.

கொங்கு ஏட்டு, ஓய்வு, கோவை (செவ்வாய், காலை 6.05)

முப்பது வருடம் காக்கி போட்டவன் எழுதுகிறேன். திட்டுகிறவர்கள் முழுவதும் படித்துவிட்டுத் திட்டுங்கள்.

அந்தப் பையன் செய்தது அயோக்கியத்தனம். என் காலத்தில் என்றால் அந்த இடத்திலேயே அவன் காதைத் திருகியிருப்பேன். அதற்கும் தேடல் விவரம் போலீசுக்குக் கிடைக்க வேண்டுமா என்ற கேள்விக்கும் முடிச்சுப் போடாதீர்கள்.

1998 பிப்ரவரி 14, கோவைத் தொடர் குண்டுவெடிப்பு அன்று நான் பணியில் இருந்தேன். 58 உயிர்கள். அரசு மருத்துவமனைக்கு நாங்கள் தூக்கிக்கொண்டு ஓடியதை எழுத எனக்கு விருப்பமில்லை. அதன் பிறகு மாதக்கணக்கில் நாங்கள் செய்த வேலை என்ன தெரியுமா? லாட்ஜ் பதிவேடுகள். எஸ்.டி.டி. பூத் ரசீதுகள். காந்திபுரத்திலும் உக்கடத்திலும் மூட்டை மூட்டையாக ரசீதுகளைத் தரையில் கொட்டி, எந்த எண்ணுக்கு எந்த நேரத்தில் யார் பேசினார்கள் என்று கண் எரியப் பார்த்தோம். அந்த ஆண்டு கூகுள் என்ற பெயரே யாருக்கும் தெரியாது. 2022 அக்டோபர் 23 அன்று கோட்டை ஈஸ்வரன் கோயில் முன்னால் கார் வெடித்தபோது, தீபாவளிக்கு முந்தைய நாள், கடைவீதி எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். நடந்திருக்கக்கூடியதை நினைத்தால் இன்றும் தூக்கம் வராது. இதைச் செய்ய நினைக்கிறவன் எதையாவது தேடித்தான் இருப்பான். அதைப் பார்க்கக் கூடாது என்றால் போலீஸ் எதற்கு?

வக்கீல் தம்பி நடுவர் உத்தரவு என்கிறார். ஒரு குழந்தை காணாமல் போன இரவு பதினொரு மணிக்கு எந்த நடுவர் வீட்டுக் கதவைத் தட்டுவது?

கோபி வக்கீல், கோபிசெட்டிபாளையம் (செவ்வாய், காலை 8.20)

ஐயா, அந்த இரவில் கதவைத் தட்ட வேண்டாம். அவசரத்தில் பார்த்துவிட்டு, காரணத்தை எழுதி, பிறகு நடுவரிடம் வையுங்கள் என்ற வழி சட்டத்தில் ஏற்கெனவே இருக்கிறது. 185ஆவது பிரிவின் தேடுதல் அப்படிப்பட்டதுதான். நான் கேட்பது அந்த எழுதுதலை. நூல் மூட்டை காணாமல் போன வழக்கில் அந்த அவசரமும் இல்லை.

2021இல் கர்நாடக உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் இதையே பேசியது. கைபேசியைத் துழாவுவதற்கும் தேடுதல் ஆணை வேண்டும், அவசரம் என்றால் காரணத்தைப் பதிவு செய்ய வேண்டும் என்றது. இன்னொன்றும் சொன்னது. உள்ளே கண்ட அந்தரங்கத் தகவலைக் காப்பது விசாரணை அதிகாரியின் பொறுப்பு, அது மூன்றாம் நபருக்குப் போனால் அவர் மீதே கடமை தவறியதற்காக நடவடிக்கை வரும். நம் மாநிலத்தை அந்தத் தீர்ப்பு கட்டுப்படுத்தாது. ஆனால் மனு எழுதும்போது எடுத்துக்காட்ட நன்றாக இருக்கும்.

ஏட்டு ஐயாவின் பக்கத்திலும் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அதே தீர்ப்பு, கடவுச்சொல்லைக் கேட்பது தனக்கெதிராகத் தானே சாட்சி சொல்ல வைப்பதாகாது என்றும் சொன்னது. அதாவது கதவைத் திறக்கச் சொல்லலாம். உள்ளே கண்டதை வாசலில் நின்று கூவக் கூடாது.

பனியன் நகரம், திருப்பூர் (செவ்வாய், காலை 9.02)

நான் பத்து வருடம் பிரவுசிங் சென்டர் நடத்தியவன். 2011இல் சைபர் கஃபே விதிகள் வந்தன. வருகிறவரின் அடையாள அட்டை, வந்த நேரம், போன நேரம் எல்லாம் பதிவேட்டில் எழுதி ஒரு வருடம் வைத்திருக்க வேண்டும். பார்த்த தளங்களின் வரலாறும் அப்படியே. ஒழுங்காக எழுதினேன். போலீஸ் வந்து பார்த்தது இரண்டே முறை.

மூன்றாவதாகக் கேட்டு வந்தவர் ஒரு பெண்ணின் அப்பா. மாப்பிள்ளைப் பையன் என் கடைக்கு அடிக்கடி வருவானாம், என்ன பார்க்கிறான் என்று தெரிந்தால் சொல்ல வேண்டுமாம். முறுக்கு டப்பாவோடு வந்திருந்தார். முறுக்கை வாங்கிக்கொண்டு பதிவேட்டைக் காட்ட மறுத்தேன். ஒரு பதிவேடு இருக்கிறது என்று தெரிந்துவிட்டால், யார் யாருக்கெல்லாம் அது தேவைப்படும் என்பதற்கு அளவே இல்லை.

சரவணம்பட்டி, கோவை (செவ்வாய், பகல் 1.15)

இரண்டாவது கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. என் வேலையே கணினி வலையமைப்பு என்பதால் சொல்கிறேன்.

நீங்கள் தேடிய சொற்கள் உங்களுக்கு இணையம் கொடுக்கும் நிறுவனத்துக்குத் தெரியாது. கூகுளுக்குப் போனீர்கள் என்பது தெரியும். என்ன கேட்டீர்கள் என்பது குறியாக்கம் செய்யப்பட்டுப் போகிறது. தபால்காரருக்கு முகவரி தெரியும், உள்ளே இருப்பது தெரியாது, அதுபோல. ஆனால் அந்த முகவரிப் பட்டியலை இரண்டு ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்று 2021 டிசம்பரில் உரிம நிபந்தனையைத் திருத்தியிருக்கிறார்கள். முன்பு ஓராண்டு.

சொற்கள் முழுதாக இருப்பது இரண்டு இடங்களில். ஒன்று உங்கள் போன். அங்கேதான் அந்தக் காவலர் பார்த்தார். இன்னொன்று கூகுள் கணக்கு. போனில் பிரவுசர் வரலாற்றை அழித்தால் கணக்கில் உள்ளது அழியாது. அதற்கு "எனது செயல்பாடு" பக்கத்துக்குப் போய்த் தனியாக அழிக்க வேண்டும். 2020க்குப் பிறகு தொடங்கிய கணக்குகளில் 18 மாதத்தில் தானாக அழியும்படி வைத்திருக்கிறார்கள். அதை 3 மாதமாகவும் குறைக்கலாம், சேமிக்கவே வேண்டாம் என்றும் நிறுத்தலாம். பிரவுசரின் மறைநிலைச் சாளரம் (இன்காக்னிடோ) உங்கள் வீட்டாரிடமிருந்து மறைக்கும். கூகுளிடமிருந்து மறைக்காது. அதை மறைப்பதாக மக்களை நம்ப வைத்தார்கள் என்று அமெரிக்காவில் வழக்குப் போட்டு, 2024இல் சமரசத்தில் கூகுள் பழைய பதிவுகளை அழிக்க ஒப்புக்கொண்டது.

போலீஸ் கேட்டால் கூகுள் கொடுக்குமா என்றால், கொடுக்கும், எல்லாவற்றையும் அல்ல. கணக்கு யார் பெயரில், எந்த ஐபி முகவரியிலிருந்து (இணைய இணைப்பின் எண்) என்பது போன்ற அடிப்படை விவரங்களை நேரடியாகக் கேட்கிறார்கள். உள்ளடக்கம் என்று வரும்போது, தரவு அமெரிக்க நிறுவனத்தின் கையில் இருந்தால், இரு நாட்டுக்கும் இடையே 2005 முதல் நடப்பில் உள்ள சட்ட உதவி ஒப்பந்தத்தின் வழியே சுற்றிப் போக வேண்டிவரும். ஒன்பது மூட்டை நூலுக்காக யாரும் அந்தச் சுற்றுச் சுற்ற மாட்டார்கள். போனை மேசைமேல் வைக்கச் சொல்வது அதைவிட எளிது.

எனக்கு உண்மையிலேயே பயம் தருவது தலைகீழ்த் தேடல். 2020 ஆகஸ்டில் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்து டென்வரில் ஒரு வீட்டுக்குத் தீ வைத்து ஐந்து பேரைக் கொன்றார்கள். சந்தேக நபர் யாரும் கிடைக்காமல், அந்த வீட்டின் முகவரியைக் குறிப்பிட்ட நாட்களில் தேடியவர்கள் அனைவரின் விவரத்தையும் கூகுளிடம் நீதிமன்ற ஆணையோடு கேட்டது போலீஸ். அதை வைத்துத்தான் இளைஞர்கள் பிடிபட்டார்கள். 2023இல் கொலராடோ உச்ச நீதிமன்றம், போலீஸ் நல்லெண்ணத்தோடு நடந்தது என்று அந்தச் சாட்சியத்தை அனுமதித்தது. கொலையாளிகள் பிடிபட்டதில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் அந்த முறையைச் சோமனூருக்குக் கொண்டுவந்து பாருங்கள். "நூல் விலை இன்று" என்று அந்த வாரம் தேடியவர்கள் எல்லோரும் வரிசையில் நிற்க வேண்டும். கருமத்தம்பட்டியிலிருந்து பல்லடம் வரை ஒருவர் மிச்சம் இருக்க மாட்டார்.

கொங்கு ஏட்டு, ஓய்வு, கோவை (செவ்வாய், மாலை 4.40)

தம்பி, நீங்களே சொல்லிவிட்டீர்கள், பிடிபட்டார்கள் என்று. ஐந்து பிணத்துக்கு முன்னால் உங்கள் நூல் விலை எம்மாத்திரம்?

சரவணம்பட்டி, கோவை (செவ்வாய், மாலை 5.10)

ஐந்து பிணத்துக்காக ஒரு நீதிபதி ஆணை கொடுத்தார், ஐயா. நான் அந்தத் தாளைத்தான் கேட்கிறேன்.

பெயரை மறைத்துக் கொடுத்தால் போதும் என்று யாராவது சொல்வதற்கு முன் இதையும் எழுதிவிடுகிறேன். 2006 ஆகஸ்டில் ஏஓஎல் என்ற அமெரிக்க இணைய நிறுவனம் ஆய்வாளர்களுக்காக என்று சொல்லி, ஏறத்தாழ ஆறரை லட்சம் பேரின் இரண்டு கோடித் தேடல்களை வெளியிட்டது. பெயர் இல்லை, ஆளுக்கு ஓர் எண் மட்டும். சில நாட்களில் 4417749 என்ற எண்ணுக்கு உரியவர் யார் என்று நியூயார்க் டைம்ஸ் நிருபர்கள் கண்டுபிடித்து அவர் வீட்டுக்கே போய்விட்டார்கள். ஜார்ஜியா மாநிலத்தில் வசித்த முதிய பெண்மணி. தன் ஊர், தன் குடும்பப் பெயர், தன் நாயின் தொல்லை எல்லாம் தேடியிருந்தார். சோமனூர் அண்ணனுக்கும் அதே கதைதான். தறி உதிரிபாகம், ஈரோட்டு மருத்துவமனை, மாமனார் ஊர் நோம்பி தேதி. இந்த மூன்றும் போதும், பெயர் எதற்கு?

அதே ஆண்டு தொடக்கத்தில் அமெரிக்க அரசு தேடல் சொற்களை மொத்தமாகக் கேட்டபோது யாஹூ, எம்எஸ்என், ஏஓஎல் ஒத்துழைத்தன. கூகுள் நீதிமன்றம் போனது. நீதிபதி 50,000 இணைய முகவரிகளை மட்டும் கொடுக்கச் சொல்லி, பயனர்களின் தேடல் சொற்களைக் கொடுக்க வேண்டாம் என்றார். கூகுள் உத்தமன் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. அவ்வளவையும் சேர்த்து வைத்திருப்பதே அவர்கள்தான். கதவில் யாராவது ஒருவர் "தாள் எங்கே" என்று கேட்டால் என்ன நடக்கும் என்பதற்காகச் சொன்னேன்.

மட்டுறுத்துநர் (செவ்வாய், மாலை 6.00)

1998ஐ முன்வைத்து மதத்தை இழுத்த இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். எந்த ஸ்டேஷன் என்று ஊகித்து எழுதியவரின் பதிவையும் நீக்கிவிட்டேன். தறிவீட்டுக்காரர் சொல்ல விரும்பாததைத் துருவித் தேடுவது, இந்த இழையில் வைத்துப் பார்த்தால், கொஞ்சம் வேடிக்கையாகவே இருக்கிறது.

தென்னந்தோப்பு, பொள்ளாச்சி (செவ்வாய், இரவு 9.25)

நாள் முழுவதும் சட்டமும் கணினியும் பேசினீர்கள். எங்கள் ஊரைப் பற்றி யாரும் பேசவில்லை. பேசக் கூசுகிறீர்கள் என்று தெரியும். நான் பேசுகிறேன்.

2019இல் பொள்ளாச்சி பாலியல் வழக்கில் எங்கள் ஊர்ப் பெயரை நாடே சொல்லிற்று. ஒரு பெண் துணிந்து புகார் கொடுத்தாள். அவள் பெயரை வெளியில் சொன்னது எந்தக் கூகுளும் இல்லை. மாவட்டக் காவல்துறையின் மிக உயர்ந்த நாற்காலியில் இருந்தவர், பத்திரிகையாளர்கள் முன்னிலையில், ஒலிவாங்கியில் சொன்னார். வழக்கை சிபிஐக்கு மாற்றிய அரசாணையிலும் பெயர் இருந்தது. உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை கண்டித்து, அந்தப் பெண்ணுக்கு 25 லட்சம் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. பாதிக்கப்பட்ட மற்றப் பெண்கள் அந்தச் செய்தியாளர் சந்திப்பைப் பார்த்திருப்பார்கள் அல்லவா? பார்த்துவிட்டு எத்தனை பேர் வாயைத் திறக்காமல் இருந்துவிட்டார்கள் என்று யாருக்குத் தெரியும்.

இதன் மறுபக்கத்தையும் நானே சொல்லிவிடுகிறேன், ஏட்டு ஐயா சொல்வதற்கு முன்னால். 2025 மே 13 அன்று கோவை மகளிர் நீதிமன்றம் அந்த வழக்கின் குற்றவாளிகள் ஒன்பது பேருக்கும் சாகும்வரை சிறை கொடுத்ததில், அவர்களுடைய கைபேசிகளிலும் மடிக்கணினியிலும் இருந்து மீட்கப்பட்டவை பெரிய சாட்சியம். அந்தக் கருவிகளைத் திறக்கவே கூடாது என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். திறந்தவர்கள் சீலிட்டு ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள், நீதிமன்றத்தில் வைத்தார்கள், அதனால் அது சாட்சியம் ஆனது. பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு வாசித்துக் காட்டியிருந்தால் அது வம்பு.

எங்கள் தோப்புகளில் தேங்காய் உரிக்க வரும் பெண்கள் என்னிடம் போனைக் கொடுத்து, "இதைத் தேடிக் கொடு, கண்ணு" என்று கேட்பார்கள். மாதவிலக்கு தள்ளிப் போனது, மார்பில் கட்டி, குடிகாரக் கணவன் அடித்தால் எங்கே புகார் சொல்வது. ஒரே போன், வீட்டுக்கே ஒன்று. தேடி முடித்ததும், "அழித்துவிட்டாயா?" என்று கேட்பார்கள். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் சொன்னது அவர்களுக்குத் தெரியாது. அந்தரங்கம் என்றால் என்னவென்று தெரியும்.

கோபி வக்கீல், கோபிசெட்டிபாளையம் (செவ்வாய், இரவு 10.30)

சகோதரி எழுதியதற்கு மேல் நான் சொல்ல அதிகம் இல்லை. புட்டசாமி வழக்கின் 2017 ஆகஸ்ட் 24 தீர்ப்பைக் குறிப்பிட்டதால் ஒரு சேர்ப்பு. அரசு ஒருவரின் அந்தரங்கத்தில் கை வைக்க வேண்டுமென்றால், அதற்கு ஒரு சட்டம் இருக்க வேண்டும், நியாயமான நோக்கம் இருக்க வேண்டும், நோக்கத்துக்கு ஏற்ற அளவோடு நிற்க வேண்டும். நூல் திருட்டில் அழைப்புப் பட்டியலைப் பார்ப்பது அளவு. மலட்டுத்தன்மைச் சிகிச்சையைப் படிப்பது எந்தத் தராசிலும் அளவு இல்லை.

தொலைபேசியை ஒட்டுக்கேட்பதற்கு இதைவிடக் கடுமையான வேலி இருக்கிறது. உள்துறைச் செயலர் மட்டத்து உத்தரவு, அதன் மேல் மறுஆய்வுக் குழு. 2025 ஜூலையில் நம் சென்னை உயர் நீதிமன்றம், பொது அவசரநிலையோ பொதுப் பாதுகாப்போ இல்லாமல் வெறும் குற்றத்தைக் கண்டறிவதற்காக ஒட்டுக்கேட்க முடியாது என்று ஒரு லஞ்ச வழக்கில் போடப்பட்ட உத்தரவையே ரத்து செய்தது. காதில் விழும் பேச்சுக்கு இவ்வளவு. தேடல் பதிவேடு பேச்சை விட ஆழமானது. பேசும்போது எதிரில் ஓர் ஆள் இருக்கிறார் என்று நாக்கை அடக்கிக்கொள்கிறோம்.

2023இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் காப்பாற்றாதா என்று தனிச்செய்தியில் ஒருவர் கேட்டார். குற்றத்தைத் தடுக்க, புலனாய்வு செய்ய என்று வரும்போது அதன் 17ஆவது பிரிவு பெரிய விலக்கு கொடுத்துவிடுகிறது. அந்தப் பக்கம் நிழல் தேடாதீர்கள்.

கொங்கு ஏட்டு, ஓய்வு, கோவை (புதன், காலை 5.50)

பொள்ளாச்சி அம்மணி எழுதியதை இரண்டு முறை படித்தேன். பதில் இல்லை.

ஒன்றை மட்டும் சொல்கிறேன். எங்களுக்குப் பயிற்சியில் துப்பாக்கியைப் பிரித்து மாட்டக் கற்றுக்கொடுத்தார்கள். லாட்ஜ் பதிவேட்டை எப்படிப் படிப்பது என்பதை மூத்த ஏட்டுகளிடம் கற்றோம். "யாரோடு தங்கினான் என்று பார், எதற்குத் தங்கினான் என்று பார்க்காதே" என்பார் என் ஆய்வாளர். இப்போது ஒரு மனிதனின் முழு மனத்தையும் கையில் கொடுத்து, இருபத்து மூன்று வயதுப் பையனை மேசையில் உட்கார வைக்கிறார்கள். எதைப் பார்க்கக் கூடாது என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. தேடல் விவரம் போலீசுக்கு வேண்டும் என்பதை நான் இன்னும் விடவில்லை. தாள் இல்லாமல் பார்க்கலாம் என்பதை மட்டும் விட்டுவிடுகிறேன்.

பனியன் நகரம், திருப்பூர் (புதன், காலை 7.15)

ஏட்டு ஐயா ஒன்றை விட்டுக்கொடுத்தார் என்று நாள்காட்டியில் குறித்துக்கொள்கிறேன்.

தறிவீட்டுக்காரன், சோமனூர் (மூன்று வாரம் கழித்து, ஞாயிறு, இரவு 9.30)

எல்லோருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

முதல் பதிவில் ஒன்றை எழுதாமல் விட்டேன். நான்கு வருடமாக ஊரில் எல்லோரும் குறை என் மனைவியிடம்தான் என்று பேசி வந்தார்கள். கோயில் கோயிலாக அவள்தான் சுற்றினாள், விரதம் அவள்தான் இருந்தாள். நான் மறுத்துச் சொன்னதில்லை. தேடிப் பார்த்ததும் அவளுக்குத் தெரியாது. ஸ்டேஷனிலிருந்து திரும்பும்போது மாமனார் வண்டியின் பின்னால் உட்கார்ந்து வந்தார், வழியில் ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டு வாசலில் இறங்கியதும், "நீங்கள் முன்பே சொல்லியிருக்கலாம், மாப்பிள்ளை" என்றார். அவ்வளவுதான். கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

அவளிடம் நான் சொல்லியிருக்க வேண்டியதை ஒரு காவலர் சொல்லிவிட்டார். அதற்காக அந்தக் காவலருக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று என் நண்பர் ஒருவர் கேலியாகச் சொன்னார். இல்லை. நான் சொல்லியிருந்தால் அவள் மட்டும் கேட்டிருப்பாள்.

கோபி வக்கீல் அண்ணன் எழுதிக் கொடுத்தபடி மாவட்டக் கண்காணிப்பாளருக்கு ஒரு மனு அனுப்பியிருக்கிறேன். காவலரைத் தண்டிக்கும்படி கேட்கவில்லை. என்ன பிரிவில் பார்த்தார்கள், எங்கே எழுதி வைத்தார்கள் என்று மட்டும் கேட்டிருக்கிறேன். கூடவே பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டித் தகவல் உரிமை மனு ஒன்று: விசாரணைக்கு வருகிறவரின் கைபேசியைப் பார்க்க எழுத்துமூல உத்தரவு எப்போது தேவை என்று நிலையங்களுக்குச் சுற்றறிக்கை ஏதாவது போயிருக்கிறதா, இருந்தால் நகல் வேண்டும். முப்பது நாளில் பதில் வர வேண்டும். இரண்டையும் விரைவுத் தபாலில் போட்டேன். கவுன்டரில் இருந்த அம்மா உறையை வாங்கி, எடை பார்த்து, முத்திரை குத்தினார். உள்ளே என்ன என்று கேட்கவில்லை.

நூல் கிடைக்கவில்லை. வியாபாரியிடம் தவணை பேசியிருக்கிறேன். அடுத்த வியாழன் இருவரும் ஈரோடு போகிறோம்.

மஞ்சள்மண்டி, ஈரோடு (ஞாயிறு, இரவு 11.48)

தறிவீட்டுக்காரர் அண்ணா, எந்த மருத்துவமனை என்று தனிச்செய்தியில் சொல்ல முடியுமா? இங்கே எழுத வேண்டாம். என் தம்பிக்காகத்தான் கேட்கிறேன்.